டெய்லர் மாமாவின் அளவு நோட்டு

தரங்கம்பாடியில் எங்கள் தெருக்காரர்கள் துணி தைக்கக் கொடுத்தால் இரண்டு தேதிகளைக் கணக்கில் வைத்துக்கொள்வார்கள். ஒன்று டெய்லர் மாமா சொல்லும் தேதி. மற்றது துணி கைக்கு வரும் தேதி. இரண்டுக்கும் நடுவில் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல் வந்து போயிருக்கும்.

நான் நான்காவது படிக்கும்போது என் தீபாவளிப் பாவாடை, தீபாவளி கழிந்து மூன்றாம் நாள்தான் வந்தது. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு, சண்டை போடுவதற்கென்றே அம்மா கிளம்பிப் போனாள். ஒன்பதரைக்குத் திரும்பி வந்தாள். கையில் பாவாடை இல்லை. "பாவம், காஜா எடுக்கிற பையன் வரலையாம்" என்று ஆரம்பித்தவள், அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "நம்ம கோட்டையில ஒரு காலத்துல ஒரே ஒரு வெள்ளைக்காரன் மட்டும் மிச்சம் இருந்தானாமே, தெரியுமா?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன். ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் அழுதேன்.

மாமா போன மார்கழியில் காலமானார். வயது 81. சென்னையிலிருந்து நான் போய் இறங்குவதற்குள் எடுத்துவிட்டார்கள். கடைக்கு எதிரே கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் பெயருக்குக் கீழே 'டெய்லர்' என்று மட்டும் போட்டிருந்தது. சரியாகத்தான் போட்டிருந்தார்கள். வரலாற்று ஆர்வலர், ஆய்வாளர் என்று எதையாவது சேர்த்திருந்தால், "நான் எங்கடா ஆராய்ச்சி பண்ணேன், பேசிக்கிட்டுல்ல இருந்தேன்" என்றிருப்பார்.

கடை பத்துக்கு எட்டு இருக்கும். 1792இல் டேனிஷ்காரர்கள் கட்டிய ஊர் வாயிலுக்கு வெளியே, பொறையாறு போகும் சாலையில். ஒரு உஷா மெஷின், துணி வெட்டும் மேஜை, கரிப்பெட்டி. சுவரில் முருகன், பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா, அதற்குப் பக்கத்தில் பாய் கடையில் கொடுத்த மெக்கா படம் போட்ட காலண்டர். "தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான். மூணு சீசன்ல ஒண்ணு குறைஞ்சாலும் நமக்கு அடுப்பு எரியாது" என்பார். வாசலில் ஒரு பெஞ்ச். துணி கொடுக்க வந்தவர், பஸ்ஸுக்கு நிற்பவர், சும்மா போனவர் எல்லோரும் அதில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். பஸ்ஸை விட்டவர்களும் உண்டு.

கால் பெடலில் இருக்கும், வாய் கதையில் இருக்கும். கதை சுவாரசியமான இடத்துக்கு வந்தால் கால் தானாக நின்றுவிடும். வெளியிலிருந்து கேட்டாலே தெரியும். மெஷின் ஓடினால் கதை நிற்கிறது, மெஷின் நின்றால் கதை ஓடுகிறது. என் பாவாடை ஏன் தாமதமானது என்பது பிற்பாடு எனக்குப் புரிந்தது.

ஊரைவிட்டு அவர் அதிகம் போனதில்லை. நூலும் லைனிங் துணியும் வாங்க மாயவரம் போவார். 1982இல் அது மயிலாடுதுறை ஆனது. அவர் வாயில் கடைசி வரை ஆகவில்லை. 1926இல் ஓடத் தொடங்கி 1986இல் நின்றுபோன மாயவரம் ரயிலில் துணிமூட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு வந்த நாட்களை, ஏதோ விமானத்தில் பறந்த மாதிரி சொல்வார். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே காஜா எடுப்பார். ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு தையல்.

இருந்த இடத்தில் இருந்தவருக்கு ஊரே நகர்ந்தது. 1943இல் தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தார். 1991இல் அதே வீடு நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது. 2020இல் மயிலாடுதுறை மாவட்டத்துக்கு வந்தது. "வீடு மாறாமலே மூணு ஜில்லா பார்த்தவன் நான். வண்டி வாடகை ஒரு பைசா கிடையாது."

எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அவருடைய அப்பாவும் டெய்லர். அப்படிப்பட்டவருக்குச் சரித்திரப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒரு முறை கேட்டேன். ராஜா வீதியில் ஒரு பழைய பங்களாவுக்கு ஜன்னல் திரை தைக்க அளவெடுக்கப் போனாராம். அப்போது கல்யாணமாகாத வயது. ஜன்னல் அகலத்தை எடுத்துவிட்டுச் சுவர் கனத்தைப் பார்க்கக் கையை நீட்டினால், முழங்கையைத் தாண்டி உள்ளே போகிறது. "இவ்வளவு கனமா எதுக்குக் கட்டினான்? எதுக்குப் பயந்தான்? வெயிலுக்கா, குண்டுக்கா, கடலுக்கா? இதைக் கேட்டேன் பாரு, அன்னிக்குப் பிடிச்சது." அப்புறம் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை ஊரில் எதன் மேல் பார்த்தாலும் வைத்துப் பார்த்தார். கோட்டைச் செங்கல், தேவாலயப் படி, வீட்டுத் திண்ணை. அளவுகளைக் கடையின் அளவு நோட்டிலேயே குறித்துக்கொண்டார். யாரோ ஒருவரின் தோள், கை, கழுத்து, இடுப்பு. அதற்குக் கீழேயே ஒரு செங்கலின் நீளம், அகலம், கனம்.

பொறையாறு நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தார். ஆனால் அவரை மற்ற ஊர்ப் பெரியவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது படிப்பு இல்லை. நோட்டில் எதை எழுதினாலும் ஓரத்தில் ஒரு எழுத்துப் போடுவார். 'க' என்றால் கண்டது. 'கே' என்றால் கேட்டது. 'ப' என்றால் படித்தது. ஊரைத் தஞ்சை நாயக்கர் வருடம் 3,111 ரூபாய் குத்தகைக்குக் கொடுத்தார் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். மாமா அதற்குப் போட்டது 'கே'. டென்மார்க் ராஜாவுக்கு ரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது என்பதற்கு 'ப'. "அதை 'க' ஆக்கணும்னு ஆசை. டிக்கெட் யாரு போடுவா?"

இந்தப் பிரிவினையில் அவர் யாருக்கும் தயவு காட்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914இல் பதினாறு வயதில் இறந்துபோன வள்ளியம்மையின் தாய் ஊர் தில்லையாடி. எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். அடுத்த வருடம் காந்தி தேடிக்கொண்டு அந்த ஊருக்கு வந்தார். தில்லையாடியிலிருந்து வேட்டி தைக்க... வேட்டியைத் தைப்பார்களா, சட்டை தைக்க வந்த ஒரு பெரியவர், காந்தியைத் தான் நேரில் பார்த்ததாக பெஞ்சில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். நடந்தது 1985 வாக்கில். மாமா மார்பளவு எடுத்துக்கொண்டே, "ஐயாவுக்கு என்ன வயசு?" என்றார். 72. டேப்பைச் சுருட்டிக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். "அப்ப உங்களுக்கு ரெண்டு வயசுங்க. பார்த்திருப்பீங்க. ஆனா ஞாபகம் இருக்காது. உங்க அம்மா சொன்னதுதான் மனசுல இருக்கும். 'கே'யில போட்டுக்கறேன்." பெரியவர் கோபித்துக்கொண்டு சட்டையைத் திருப்பிக் கேட்டார். அது ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது.

சுற்றுலா வருபவர்களிடம் யாராவது, "தமிழில் முதல் புத்தகம் அச்சானது இந்த ஊரில்தான்" என்று சொல்லிக் காதில் விழுந்தால் மெஷின் நின்றுவிடும். எழுந்து போய், "தம்பி, கொஞ்சம் இருங்க" என்பார். 1578லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது, பதினாறு பக்கம். நம் ஊருக்கு ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் ஐயர் வந்து இறங்கியதே 1706 ஜூலையில்தான். லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து சேர்ந்தன. 1714இல் புதிய ஏற்பாட்டின் முதல் பகுதி அச்சாகத் தொடங்கியது. வந்த எழுத்துகள் ரொம்பப் பெரியவை. காகிதத்தைத் தின்றன. இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈயத்தை அதற்கு உருக்கினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காகிதத்துக்கும் இங்கேயே பட்டறை போட்டார்கள். "பொறையாறுல கடுதாசிப்பட்டறைன்னு இன்னும் பேரு இருக்குல்ல? இவ்வளவு இருக்கும்போது முதல்னு வேற சொல்லணுமா? இல்லாத பெருமையைச் சேர்த்தா, மட்டச் சாயம் மாதிரி ஒரே தண்ணியில மத்த துணியையும் கெடுத்துடும்" என்பார். கேட்டவர்களில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டு, மறுநாளும் முதல் புத்தகம் என்றுதான் சொன்னார்கள்.

அந்த ஒற்றை வெள்ளைக்காரன் கதைக்கு வருகிறேன். அதுதான் அவருடைய உயிர்க் கதை. நான் குறைந்தது முப்பது முறை கேட்டிருப்பேன்.

1620 நவம்பரில் நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். மிளகு வாங்கிப் பணக்காரர்கள் ஆகலாம் என்று வந்தவர்கள். ஆனால் அங்கே ஐரோப்பாவில் யுத்தம், கடன். அவர்களுடைய வியாபாரக் கம்பெனி நொடித்துப்போனது. 1648இல் டென்மார்க் ராஜா இறந்தார். அடுத்து வந்தவர் 1650இல் கம்பெனியையே மூடிவிட்டார். தரங்கம்பாடிக்கு மட்டும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. இருந்தவர்கள் நோயில் செத்தும் ஓடிப்போயும் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். 1655இல் கோட்டையில் மிஞ்சியது ஒரே ஆள். எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. மாமா வாயில் வெறும் 'எஸ்கில்'. ஏதோ பக்கத்துத் தெரு ஆள் மாதிரி.

"எழுதப் படிக்கத் தெரியாது பாப்பா அவனுக்கு." இந்த இடத்தில் கால் பெடலிலிருந்து இறங்கிவிடும். "குத்தகை பாக்கின்னு நாயக்கர் ஆளுங்க வந்து வளைக்கிறாங்க. கையில காசில்ல. ஊர்லேர்ந்து கடுதாசி இல்ல. கப்பல் வந்து இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. உள்ளூர் ஆளுங்களை வச்சுக்கிட்டு கொடியை ஏத்திக்கிட்டு இருக்கான். ஊரைச் சுத்தி மதில் வேற எழுப்புறான். 1669 மே மாசம் ஒரு நாள், தூரத்துல ஒரு கப்பல். அவன் நாட்டுக் கொடி." வந்த கப்பலின் பெயர் ஃபேரோ. வந்தவர்கள் அவனையே கவர்னர் ஆக்கினார்கள். கதையை இங்கே முடித்துவிட்டு மாமா ஊசியில் நூல் கோப்பார். அன்றைக்கு ஒரே முயற்சியில் நூல் உள்ளே போகாது.

கல்லூரியில் சேர்ந்த பிறகு நானும் கொஞ்சம் படித்துவிட்டு வந்து சண்டைக்கு நின்றேன். மதில் கட்ட எஸ்கிலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? வங்காளக் கடலில் போன கப்பல்களைப் பிடித்துத்தானே? "கொள்ளைக்காரன் மாமா அவன்." அவர் மறுக்கவில்லை. "ஆமா. அதையும் எழுதி வச்சிருக்கேன். 'ப'தான்." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "இருந்தாலும், ஒருத்தரும் பார்க்காத கொடியை தினம் ஏத்தி இறக்கிக்கிட்டு இருந்திருக்கான் பாரு" என்றார். அவரோடு நான் ஒத்துப்போகாத கதை இது ஒன்றுதான். இப்போதும் ஒத்துப்போகவில்லை.

கல்லூரி என்றதும் அதற்கு முந்திய ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் வயதுக்கு வந்த பிறகு, "பொட்டப்புள்ள ரோட்டோர பெஞ்சுல உக்காந்து என்ன கதை கேக்குறது?" என்று பாட்டி நிறுத்திவிட்டாள். துணி கொடுத்தால் கொடுத்த கையோடு திரும்ப வேண்டும். நாலைந்து முறை நான் வாசலிலேயே நின்று திரும்பியதை மாமா கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் கடைக்கு உள்ளே, வெட்டு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி வந்திருந்தது. "காஜா எடுக்கக் கத்துக்கப் போறேன்னு பாட்டிகிட்ட சொல்லு" என்றார். பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையாகவே கற்றுக்கொடுத்தார். எங்கள் தெருவில் மூன்று பெண்கள் அந்த முக்காலியில் முறை வைத்து உட்கார்ந்து காஜா கற்றோம். கை பட்டன் ஓட்டையில், காது வாசலில். இன்றைக்கும் நான் எடுக்கும் காஜா பிரியாது.

அந்த முக்காலியில் நான் இருந்த ஒரு நாள்தான் மீன்காரம்மா வந்து அவரைக் கேட்டது. 1995 அல்லது 96. ரவிக்கை வாங்க வந்தவர். எஸ்கில் கதை ஓடிக்கொண்டிருந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். அப்புறம், "யோவ் டெய்லரு, நானும் பத்து வருசமா கேக்குறேன். கோட்டைக்குள்ள இருந்தவன் கதையாவே சொல்றியே. நம்ம ஊருக்கு ஏதுய்யா துறைமுகம்? கப்பல் அங்க நடுக்கடல்ல நிக்கும். அதுலேர்ந்து மூட்டையையும் ஆளையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டாந்தது யாரு? உன் எஸ்கிலா?" என்றார்.

மெஷினும் ஓடவில்லை, கதையும் ஓடவில்லை. அந்தக் கடை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. கடைசியில் மாமா, "உங்க வீட்டுப் பெரியவங்க ஏதாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?" என்றார். "வந்து கேளு, சொல்லுவாங்க" என்று ரவிக்கையைக் கூடைக்கு மேல் வைத்துக்கொண்டு அந்தம்மா போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு மாமா நோட்டோடு மீனவர் தெருவுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சு மாறியது. அதுவரை அவர் சொல்வார், பெஞ்சில் இருப்பவர்கள் கேட்பார்கள். பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார். நோட்டின் பின்பக்கத்தில் 'கேக்கணும்' என்று ஒரு தலைப்பு வந்தது. யாரிடம், எதை. வண்டிக்காரத் தாத்தாவிடம், உப்பு எந்த வழியாகப் போனது. பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டு நன்னியிடம், கப்பலுக்குப் போன ஆண்கள் ஊருக்கு என்ன கொண்டுவந்தார்கள். கோயில் குருக்களிடம், கடல் எடுத்துக்கொண்ட மண்டபத்தைக் கண்ணால் பார்த்தவர் குடும்பத்தில் யாராவது உண்டா. பதில் கிடைத்தால் அடித்துவிட்டு முன்பக்கத்தில் எழுதுவார், 'கே' போட்டு, சொன்னவர் பெயரோடு.

பெயர் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1712 வாக்கில் சீகன்பால்கும் உடன் இருந்தவர்களும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, பதில் கடிதங்கள் வாங்கி, ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேயில் வெளியிட்டார்கள். மொத்தம் 99 கடிதங்கள். உங்கள் சாமி எது, கல்யாணம் எப்படிச் செய்வீர்கள், எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேள்விகள். நம் ஆட்கள் கூசாமல் பதில் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் மாடு தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், குளிப்பதில்லை, இதில் எங்களுக்கு என்ன போதிக்கப்போகிறீர்கள் என்கிற தினுசில் கூட. மாமாவுக்கு இதைப் படித்ததில் அப்படி ஒரு சந்தோஷம். ஊரே கூடி பெஞ்சில் பேசின மாதிரி. ஆனால் அந்தக் கடிதங்களில் எழுதியவர் பெயர் இல்லை. மொழிபெயர்ப்பாளராக இருந்த துபாஷி அழகப்பன் அதில் பலவற்றை எழுதியிருக்கலாம் என்கிறார்கள். "கேட்டவன் பேரு புத்தகத்துல இருக்கு. பதில் சொன்னவன் பேரு இல்ல. என்ன நியாயம் இது?" இதை அவர் சொல்லும்போது முந்நூறு வருடத்துக்கு முந்தைய விஷயம் மாதிரியே இருக்காது. யாரோ நேற்றுத்தான் கூலி கொடுக்காமல் போய்விட்ட மாதிரி இருக்கும்.

சுனாமியைப் பற்றி எழுதாமல் போக முடியாது. நீட்டவும் மனமில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு. கிறிஸ்துமஸ் துணிகளைக் கொடுத்து முடித்திருந்தார். புது வருடத்துக்கான துணிகள் கடையில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் வீடு தள்ளி இருந்ததால் தப்பித்தது. கடைக்குள் தண்ணீர் வந்து வடிந்தது. அந்த வாரமே சேற்றைக் கழுவி, துணிகளையெல்லாம் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு, பில் துண்டைக் குண்டூசியால் குத்தித் திரும்பத் தொங்கவிட்டார். சில வீட்டிலிருந்து வந்து வாங்கிப் போனார்கள். மீன்காரம்மா வந்தார். இரண்டு உருப்படிகளைப் பார்த்து, "இது என் தங்கச்சி மவளோடது" என்று வாங்கிக்கொண்டு உடனே போய்விட்டார். ஏழு உருப்படி வாங்க ஆள் வரவில்லை. ஒரு குழந்தைச் சட்டையும் அதில் உண்டு. முகாமில் யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று பலர் சொன்னார்கள். "அளவெடுத்துத் தைச்சதுல்ல" என்று மட்டும் சொன்னார். ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அடுத்த ஒரு வருடம் அந்தக் கடையில் மெஷின் மட்டும்தான் ஓடியது. அந்த வருடம் ஊரிலேயே சொன்ன தேதிக்குத் துணி கொடுத்த டெய்லர் அவர்தான்.

கோட்டைக்கு வடக்கே கரையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்தில், 1305 வாக்கில் கட்டியது. அங்கே உள்ள கல்வெட்டில் எங்கள் ஊரின் பெயர் சடங்கன்பாடி. கடல் அதன் முன்பக்கத்தைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டது. மாமா வருடம் தவறாமல் காணும் பொங்கல் அன்று, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு போவார். கோயில் கல்லிலிருந்து அலை தொடும் இடம் வரை எத்தனை முடிச்சு என்று எண்ணிக் குறிப்பார். கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க யாராவது ஒரு பொடியன் வேண்டும். நானும் இரண்டு வருடம் பிடித்திருக்கிறேன். அலை ஓய்ந்த சமயமா, ஏறின சமயமா என்ற கணக்கெல்லாம் அதில் கிடையாது. அறிவியல் தெரிந்த என் தம்பி சிரிப்பான். ஆனால் நோட்டில் அத்தனை வருடமும் 'க' என்று போட்டிருப்பது அந்த வரிக்குத்தான்.

கடைசியாக நான் அவரைப் பார்த்ததும் ஒரு பொங்கலில்தான். கண்ணில் புரை. தைப்பதை விட்டு நான்கைந்து வருடம் ஆகியிருந்தது. மகன் கடையில் ரெடிமேட் நைட்டியும் உள்ளாடையும் வைத்துவிட்டான். பெஞ்ச் மட்டும் இருந்தது, அதில் மாமா. குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "பாப்பாவா?" எனக்கு அப்போது நாற்பத்தைந்து. நலம் விசாரித்து முடித்ததும், "சென்னையில உங்க தெருவுக்கு ஏன் அந்தப் பேரு?" என்றார். அந்தத் தெருவில் குடியிருந்து பதினைந்து வருடம் ஆகிறது. எனக்குத் தெரியவில்லை. "விசாரிச்சு வை" என்றார். நான் விசாரிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது மகன் நோட்டுகளைக் காட்டினான். ஒரு கோணிப்பை நிறைய இருந்தது. சிலவற்றின் ஓரம் கடல் தண்ணீர் பட்டு அலை அலையாக மடங்கிப் போயிருந்தது. "அக்கா, இதையெல்லாம் என்ன செய்யுறது? ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்கலாமா?" என்றான். எடுக்கலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். என் தீபாவளிப் பாவாடையின் அளவு இருந்தது. உயரம் 26, இடுப்பு 21. அதே பக்கத்தில் கோட்டைப் படிக்கட்டின் உயரம். கோயில் முடிச்சுக் கணக்கு வருடவாரியாகத் தனியாக ஒரு நோட்டில் இருந்தது. 2005க்கு எதிரே எண் இல்லை. 'போகவில்லை' என்று எழுதி, அதற்கும் 'க' போட்டிருந்தார்.

கடைசி நோட்டின் பின்பக்கம் 'கேக்கணும்'. எழுத்து பெரிது பெரிதாக, கோடு தாண்டிப் போயிருந்தது. கண் மங்கிய பிறகு எழுதியது. பாதிக்கு மேல் அடிக்கப்படவில்லை. அதில் ஒன்று:

'பாப்பா பாட்டி – கடைசி ரயில் அன்னிக்கு இஞ்சின் முன்னாடி சூடம் கொளுத்தினது யாரு?'

இதில் 'பாட்டி' அடிக்கப்பட்டு, மேலே 'அம்மா' என்று எழுதியிருந்தது. பாட்டி போய்ச் சேர்ந்த பிறகு திருத்தியிருப்பார். பக்கத்திலேயே சின்னதாக, 'மெட்ராஸ் போயிட்டாங்க. பாப்பா வந்தா கேக்கச் சொல்லணும்.'

நான் எத்தனை முறை வந்து போயிருக்கிறேன். சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது. அல்லது நான்தான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்திருப்பேன்.

அங்கே உட்கார்ந்தபடியே சென்னைக்கு அம்மாவை ஃபோனில் கூப்பிட்டேன். குக்கர் சத்தம் கேட்டது. கேள்வியைப் படித்துக் காட்டினேன்.

"இப்ப எதுக்குடி அது? யாரு கேக்குறா?"

"டெய்லர் மாமா."

கொஞ்ச நேரம் குக்கர் மட்டும்தான் கேட்டது.

"இரு, அடுப்பை அணைச்சுட்டு வரேன்" என்றாள்.